ஒரிஜினல் உங்கள் பீரோவில் இருக்கட்டும், டீச்சர்

கேள்வி: கண்டனூரிலிருந்து எழுதுகிறேன். வயது 24. காரைக்குடியில் பி.எஸ்ஸி. கணிதமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாகப் பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். ஆள் இல்லாததால் நாலாம் வகுப்புக் கணக்கும் என் தலையில்தான். 2025 நவம்பரில் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில், ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்களுக்கான இரண்டாம் தாள் எழுதினேன், 150க்கு 71தான் வந்தது. எங்கள் தாளாளர், "தனியார் பள்ளிக்கு டெட் எதுக்கும்மா? அஞ்சு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் இருந்தா எங்க வேணாலும் எடுத்துக்குவாங்க" என்கிறார். கூட வேலை பார்க்கும் அக்கா, சிறுபான்மைப் பள்ளிக்குப் போய்விட்டால் டெட்டே வேண்டாம் என்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கும் எடுப்பதால், தொடக்க வகுப்பு ஆசிரியருக்கான டி.எல்.எட். பட்டயப் படிப்பும் படிக்கட்டுமா? பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன்; அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு எனக்கு உண்டா? வேலையில் சேர்ந்தபோது ஒரிஜினல் சான்றிதழ்களைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இது எல்லா இடத்திலும் வழக்கம்தானா?

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை பொறுக்கும், அது பொறுக்காது. வழக்கம்தான். பல பள்ளிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது சரியில்லை. சான்றிதழ் உங்களுடையது. அதைப் பிணையாகப் பிடித்துவைக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது. சேரும்போது ஒரிஜினலைக் காட்ட வேண்டும், சரிபார்த்ததும் கையோடு வாங்கி வர வேண்டும். அவர்கள் கோப்பில் இருக்க வேண்டியது நீங்கள் கையெழுத்திட்ட நகல் மட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நானும் உங்கள் வயதில் நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலிருந்து பி.எட். வரை எல்லாவற்றையும் வாங்கி, ஒரு பழுப்பு உறையில் போட்டு, என் பெயரை எழுதி, தாளாளர் அறையிலிருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். 1991இல் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கார்டு வந்தது. அஞ்சு நாள்தான் அவகாசம். தாளாளர் மகளைப் பார்க்க மலேசியா போயிருந்தார், பீரோ சாவியும் அவரோடு போயிருந்தது. அவர் ஊர் திரும்பும்போது மூன்று வாரம் ஆகிவிட்டது. அடுத்த அழைப்பு எனக்கு 1994இல்தான் வந்தது. அந்த மூன்று ஆண்டுப் பணிமூப்பு இழப்பு ஓய்வு பெறும் நாள் வரை என் பின்னாலேயே வந்தது. தலைமையாசிரியைப் பதவி உயர்வு தள்ளிப்போனதும், ஓய்வூதியக் கணக்கில் மூன்று ஆண்டு குறைந்ததும் அந்தச் சாவியால்தான்.

அதனால் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் கேளுங்கள். சண்டை வேண்டாம். "மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கு சார், ஒரிஜினல் வேணும்" என்றாலே பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கவில்லையென்றால் எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பதிவுத் தபால். அடுத்து, தனியார் பள்ளிகளுக்கென்றே இப்போது தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவரிடம் மனு. வேலை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். கணக்கு எடுக்க ஆள் கிடைக்காமல்தானே நாலாம் வகுப்பையும் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள்?

இனி தாளாளர் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, ஊரில் நடப்பதைச் சொல்கிறார். ஊரில் நடப்பது ஒன்று, சட்டத்தில் இருப்பது வேறு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை அதன் 23ஆம் பிரிவு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கையில் கொடுத்தது. குழுமம் 2010 ஆகஸ்ட் 23இல் வெளியிட்ட அறிவிக்கையில் பட்டமும் பயிற்சியும் போதாது, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியிருக்க வேண்டும் என்றது. அரசுப் பள்ளிக்கு ஒரு விதி, தனியார் பள்ளிக்கு வேறு விதி என்று அதில் பிரிக்கவில்லை. 2011 பிப்ரவரியில் வந்த தேர்வு வழிகாட்டுதலில், அரசு உதவி பெறாத பள்ளிகள் மாநில டெட்டை எடுத்துக்கொள்ளலாம், மத்திய சி-டெட்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எது என்பதில்தான் அவர்களுக்கு விருப்பம் உண்டு. இரண்டும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 2011 நவம்பர் 15இல் அரசாணை 181 வந்து, தேர்வு நடத்தும் பொறுப்பு ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.க்குப் போனது.

வக்கீலுக்கு பார் கவுன்சில் பதிவு மாதிரி, டாக்டருக்குப் பதிவு எண் மாதிரி, ஆசிரியருக்கு ஒரே அட்டையாக உரிமம் கொடுக்கும் முறை நம் நாட்டில் இல்லை. பட்டம், பி.எட்., டெட் மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் உரிமம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வகுப்பில் நீங்கள் டீச்சர், கோப்பில் இல்லை.

"அஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்" என்ற பேச்சை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன். அனுபவம் உங்களை நல்ல டீச்சராக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தகுதிக்குப் பதிலாக அனுபவத்தைக் காட்ட முடியாது என்று 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்கள்கூட, ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் அப்படியே தொடரலாம், பதவி உயர்வு கேட்க முடியாது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். அரசு உதவி பெறும் பள்ளியில் 20 ஆண்டுக்கு மேல் அறிவியல் எடுத்தவர். அவரிடம் படித்த பிள்ளைகளில் டாக்டர்கள் இருக்கிறார்கள். கைப்பைக்குள்ளிருந்து கல்லூரியில் படிக்கும் மகளின் பழைய உளவியல் நோட்டை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, "இதெல்லாம் இப்ப மண்டையில ஏறுமா டீச்சர்?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு நேர்ந்தது நியாயமா என்று கேட்டால், என் மனம் அவர் பக்கம்தான். ஆனால் உங்களுக்கு 24 வயது. பி.எட். படித்த பாடம் இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது ஆறு மாதத்தில் முடியக்கூடிய வேலை, வீடும் பிள்ளைகளும் வந்த பிறகு மூன்று வருடம் இழுக்கும்.

சிறுபான்மைப் பள்ளி பற்றி அந்த அக்கா சொன்னது இன்றைய நிலையில் உண்மை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த டெட் அங்கே கட்டாயமில்லை என்பது அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த 2014 தீர்ப்பு சரிதானா என்று மேலே சொன்ன 2025 அமர்வே சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறது. தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் அருமையான சிறுபான்மைப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே வேலை கிடைத்தால் சந்தோஷமாகச் சேருங்கள். டெட் வேண்டாம் என்பதற்காகச் சேராதீர்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் வேறு பள்ளியில் நிற்கும்போது, அங்கே பெற்ற விலக்கு கூட வராது.

இப்போது உங்கள் 71. விடைக்குறிப்பை வைத்துக் கணக்குப் பார்த்து நீங்கள் அனுப்பியிருந்த விவரத்தை இரண்டு முறை படித்தேன். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30க்கு 11. தமிழ் 16. ஆங்கிலம் 13. கணிதத்தில் 22, அறிவியலில் 9. 150க்கு 90 எடுத்தால் எந்தப் பிரிவானாலும் தேர்ச்சி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அது எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள், மாறக்கூடியது. ஆனால் குறி 90ஆகவே இருக்கட்டும். 2014 பிப்ரவரியில் ஐந்து சதவீதம் தளர்த்தி 82 போதும் என்றார்கள், முந்தின ஆண்டு எழுதியவர்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். வழக்கானது. உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் தளர்வு செல்லும் என்று சொல்லும்வரை, 82க்கும் 89க்கும் நடுவில் நின்றவர்கள் தேறினோமா இல்லையா என்று தெரியாமல் தவித்தார்கள். 90 எடுத்தவருக்கு அந்தத் தவிப்பு இல்லை.

உங்களுக்கு வேண்டியது 19 மதிப்பெண். அதில் பாதி குழந்தை மேம்பாட்டில், அதாவது உளவியலில் கிடக்கிறது. பி.எட். படித்துவிட்டு வகுப்பும் எடுக்கிற ஒருவர் அதில் 11 எடுக்கிறார் என்றால் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். நாலாம் வகுப்பு உங்களுக்குச் சுமையாகத் தெரிகிறது, எனக்கு அது பரிசோதனைக் கூடமாகத் தெரிகிறது. நாளைக்கு ஒரு செம்பையும் அகலமான ஒரு கிண்ணத்தையும் எடுத்துப் போங்கள். செம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, "இப்ப தண்ணி கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அதே அளவா?" என்று கேளுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை பெரும்பாலும் "அதே அளவுதான் மிஸ்" என்று சொல்லிவிடும். வீட்டுப் பக்கத்தில் அஞ்சு வயதுப் பிள்ளை இருந்தால் அதனிடமும் கேளுங்கள். அது உயரத்தைப் பார்த்து, செம்பில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்லும். குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே சொன்ன அளவு மாறாக் கருத்து இதுதான். ஏழு வயதிலிருந்து பதினொன்று வரையான பருவத்தில் அது எப்படிக் கைவருகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், தேர்வில் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் தப்பாது.

பரப்பளவு எடுக்கும்போது பிள்ளைகள் சுற்றளவோடு குழப்பிக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் அதற்கு என்ன பஞ்சம்? ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வீட்டு வளவு ஏதாவது ஒன்றில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஓரமாக நடந்து விளிம்பை எண்ணச் சொல்லுங்கள், அது சுற்றளவு. உள்ளே எத்தனை கல் என்று எண்ணச் சொல்லுங்கள், அது பரப்பளவு. முதலில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை, "மிஸ், ஒரு வரிசைக்கு எட்டு, ஆறு வரிசை, பெருக்கிட்டாப் போதும்ல?" என்று கத்தும். அந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்கும்போது நீங்கள் குறுக்கே போகாமல் நின்றுகொண்டிருந்தால், உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலத்தை, அதாவது தனியாக முடியாததைப் பிறர் துணையோடு பிள்ளை செய்துவிடும் எல்லையை, நேரிலேயே பார்க்கிறீர்கள். புத்தகத்தில் நாலு வரி படிப்பதைவிட இது நிற்கும்.

அறிவியலில் 9 என்பது ஆறு முதல் எட்டு வரையுள்ள அரசுப் பாடநூலைத் திறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. கணக்குப் படித்தவர்கள் எல்லோரும் உயிரியலைக் கண்டு ஓடுவார்கள், நானும் ஓடியிருக்கிறேன். வழிகாட்டிப் புத்தகம் எதுவும் முதலில் வாங்காதீர்கள். மூன்று வகுப்பு அறிவியல் நூலையும் தமிழ் நூலையும் ஒருமுறை வரி விடாமல் படியுங்கள். பிறகு ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் அதே பாடம் எப்படித் தொடர்கிறது என்று பாருங்கள்.

டெட் தேறினால் வேலை கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். 2018 ஜூலையில் வந்த அரசாணை 149க்குப் பிறகு டெட் என்பது தகுதி மட்டும்தான், அரசுப் பணிக்குத் தனியாக நியமனத் தேர்வு எழுத வேண்டும். 2013இல் டெட் தேறிவிட்டு இன்னும் பணி கிடைக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வேதனை எனக்குத் தெரியும். பட்டதாரி ஆசிரியர் நியமனத் தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது. அதில் பாடத்துக்கு 150 மதிப்பெண், அதோடு கட்டாயத் தமிழ்த் தாள் 50 மதிப்பெண். தமிழில் 20 எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழில் 16 எடுத்த உங்களைத் தமிழ் நூலையும் ஏன் படிக்கச் சொன்னேன் என்று இப்போது புரியும். ஒன்று ஆறுதல்: டெட் சான்றிதழுக்கு முன்பு ஏழு ஆண்டுதான் ஆயுள், 2021 முதல் அது வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஒருமுறை தேறிவிட்டால் போதும். தேறியதும் டி.ஆர்.பி. இணையதளத்திலிருந்து சான்றிதழை இறக்கி, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

இடையில் சி-டெட்டும் எழுதுங்கள். அதிலும் தமிழை மொழித்தாளாக எடுக்கலாம். தமிழக அரசுப் பணிக்கு மாநில டெட்தான் வேண்டும் என்றாலும், கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு சி-டெட் உதவும். முக்கியமாக, தேர்வு எழுதும் கை சூடு ஆறாமல் இருக்கும்.

டி.எல்.எட். பற்றி. பி.எட். படித்தவர் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியராக இருக்கலாம் என்று 2018இல் குழுமம் ஒரு வழி திறந்தது. 2023 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. தொடக்க வகுப்புக்கு அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் வேண்டும் என்றது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது தனிக் கலை, அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆக, நாலாம் வகுப்பில் நீங்கள் எடுக்கும் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் உங்கள் தகுதியாக ஏறாது. அதற்காக இரண்டு ஆண்டு செலவழித்து டி.எல்.எட். படிப்பதா? உங்கள் மனம் ஆறாம் வகுப்புக்கு மேலேதான் இருக்கிறது என்று கடிதத்தின் தொனி சொல்கிறது. அந்த இரண்டு ஆண்டை எம்.எஸ்ஸி. கணிதத்துக்குக் கொடுங்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையில்லை. முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் போதும், டி.ஆர்.பி. நேரடியாகத் தேர்வு வைக்கும். ஒன்று கவனியுங்கள்: இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். கணிதம் படித்துவிட்டு, சுலபமாகக் கிடைக்கிறது என்று வேறு பாடத்தில் எம்.ஏ. சேர்ந்தவர்கள் சரிபார்ப்பு மேசையில் அழுததைப் பார்த்திருக்கிறேன். இல்லை டீச்சர், எனக்குச் சின்னப் பிள்ளைகள்தான் உயிர் என்று நீங்கள் சொன்னால் என் பதில் மாறும். அப்போது டி.எல்.எட். படியுங்கள், டெட்டில் முதல் தாள் எழுதுங்கள், யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

தமிழ் வழி ஒதுக்கீட்டில் உங்களுக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. 2010இல் சட்டம் வந்தபோது பணிக்குரிய படிப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதும் என்று இருந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பதினொன்றிலிருந்து நீங்கள் ஆங்கில வழிக்கு மாறிவிட்டதால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அந்த 20 சதவீதத்தில் வர முடியாது. விண்ணப்பத்தில் தெரியாமல்கூட "ஆம்" என்று அழுத்திவிடாதீர்கள், சரிபார்ப்பில் பெரிய வில்லங்கமாகும். உங்கள் தம்பி இன்னும் தமிழ் வழியில் படிக்கிறான் என்றால், அவனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்: படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தமிழ் வழிச் சான்று வாங்கி வைக்க வேண்டும். பள்ளி மூடப்பட்ட பிறகோ பதிவேடு கரையான் அரித்த பிறகோ அலைவது கொடுமை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் கையெழுத்தில் மூன்று எழுத்து முன்னெழுத்து இருக்கிறது, பி.எட். சான்றிதழ் நகலில் ஒன்றுதான் தெரிகிறது. நம் பக்கத்தில் வீட்டு விலாசத்தைச் சேர்த்து முன்னெழுத்து போடுவது பெருமைதான். ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், பி.எட்., ஆதார் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து ஒருமுறை பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே பல்கலைக்கழகத்தில் திருத்தம் கேளுங்கள், அங்கே முடியாவிட்டால் அரசிதழில் பெயர் மாற்றம். நாளை கல்யாணமானால் முன்னெழுத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள்; பணியில் அமர்ந்து பணிப்பதிவேடு திறக்கும் வரை படித்த சான்றிதழில் உள்ள பெயரிலேயே விண்ணப்பியுங்கள். ப்ரொவிஷனல் சான்றிதழோடு நின்றுவிட்டீர்களா, பட்டமளிப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா என்பதையும் பாருங்கள்.

ஒரிஜினல்கள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். செம்புத் தண்ணீருக்கு உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.